மலையைச் சுற்றி வந்த சம்பந்திகள்

என் மாமனார் ஜானி பாஷா தேதியை இங்கிலீஷில் சொல்ல மாட்டார். பல் பிடுங்கிக்கொள்ளப் போவதிலிருந்து கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவைப்பது வரை அவருக்கு எல்லாமே பிறைக் கணக்குதான். அவரிடம் போய் என் மகள் ரூபீனாவின் நிச்சயத்துக்கு நாள் குறிக்கச் சொன்னது எங்கள் குடும்பம் மொத்தமும் சேர்ந்து செய்த முட்டாள்தனம். அதில் என் பங்கும் உண்டு. ஆனால் கம்மி.

வேறு வழியும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது லேசில் நடக்கிற காரியமில்லை. என் வீட்டுக்காரர் சுஹைல் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். சொந்த வண்டி. ராமேஸ்வரத்திலும் கொடைக்கானலிலும் அவர் தூங்கிய ராத்திரிகளைக் கூட்டினால் வீட்டில் தூங்கியதைவிட ஜாஸ்தி வரும். ரூபீனாவுக்கு பெங்களூரில் வேலை. ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்கேன் மிஷின் விற்கிற கம்பெனி. மிஷின் போகிற ஊருக்கெல்லாம் இவளும் பின்னாலேயே போய் அதை எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நாக்பூரில் இருக்கிறாளா, குவஹாத்தியில் இருக்கிறாளா என்று எனக்கே குழப்பம். அவள் பெங்களூருக்குப் போன பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் நானும் ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் சேர்ந்துவிட்டேன். மாப்பிள்ளைப் பையன் தல்ஹா மஸ்கட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் ஏ.சி. இன்ஜினியர். அவனுடைய அப்பா அப்ரோஸ் வாணியம்பாடிக்காரர், தோல் வியாபாரம். கான்பூருக்கும் சென்னைக்கும் அலைகிற ஆள்.

வீட்டிலேயே இருப்பவர் மாமனார் ஒருவர்தான். அவரையும் பிடிக்க முடியாது. இளவயசில் போர்வை விற்க மூட்டையைத் தூக்கிக்கொண்டு கேரளா முழுக்கச் சுற்றிய கால்கள் இப்போது டீக்கடைக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எல்லோரும் ஆளுக்கொரு ஊரிலிருந்து போனில் கூடிப் பேசினோம். இந்த நாள் அவனுக்கு ஆகாது, அந்த நாள் இவளுக்கு ஆகாது என்று ஒரு மணி நேரம் கத்தினோம். கடைசியில் மாமனார் தொண்டையைக் கனைத்தார். "பிறை பதினாலு. சனிக்கிழமை. எல்லாரும் வந்து சேருங்க." சனிக்கிழமை என்றதும் எல்லோருக்கும் சரியாக இருந்தது. திங்கட்கிழமை தல்ஹா மஸ்கட்டுக்குப் பறக்கிறான், ரூபீனா குவஹாத்திக்குப் பறக்கிறாள். அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

என் வீட்டுக்காரருக்கு நான் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன். நிச்சயத்தன்று எல்லோர் முன்னாலும், மோதிரம் போடுவதற்கு முன்னால், சம்பந்திகளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும் எங்கள் பெண் இந்த வேலைக்குப் போவாள், ஊர் ஊராகப் போவாள், சம்மதமா? சம்மதம் என்றால் மோதிரம். இல்லையென்றால் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மரியாதையாகப் போய்வரட்டும்.

இதில் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், என்னை யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். நிச்சயத்தன்று பெரியவர்கள் ரோஸ்மில்க் குடித்தார்கள், பாத்தியா ஓதினார்கள், எழுந்து போனார்கள். அதோடு என் வேலையும் போய்விட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை, தடுக்கவில்லை. கேட்கவே இல்லை, அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாக அது எனக்குள் முள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. என் பெண்ணுக்கு அப்படி நடக்க நான் விடமாட்டேன்.

ரூபீனாவும் சொல்லிவிட்டாள். "அத்தா கேக்கணும்மா. ஊர் சுத்துற பொழப்பு இன்னான்னு தெரிஞ்சவரு அவருதான். அவரு கேக்கலன்னா நான் விரலை நீட்ட மாட்டேன்."

சுஹைல் தலையை ஆட்டினார். ஆனால் எனக்குப் பயம்தான். யார் எது சொன்னாலும் "சரிங்க சார்", "ஓகே மேடம்" என்று சொல்லியே பழகிய மனுஷர். வண்டியில் ஏறுகிறவர்களைப் பார்த்து "எங்க போவணும்?" என்று கேட்பார். அவருக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு உண்ணாமலை அக்கா வெங்காயம் உரிக்க வந்தார். உரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் மெஹரு, நாளைக்கு சம்பந்திங்க எந்த வழியா வராங்க?"

"வாணியம்பாடிலேர்ந்து செங்கம் வழியாதான் அக்கா. ஏன்?"

"இல்ல, தெருமுனையில தட்டி வெச்சு அடைச்சிகினு இருக்கான். அதான் கேட்டேன்."

"எதுக்கு அடைக்கிறான்?"

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாளைக்குப் பௌர்ணமிம்மா!"

இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். பௌர்ணமியன்று இந்த ஊரில் யாரும் காதுகூடக் குத்த மாட்டார்கள். லட்சம் லட்சமாக ஜனம் வந்து மலையைச் சுற்றும். செங்கம் ரோட்டில் சைக்கிள்கூட நுழைய முடியாது.

"மாமா பிறை பதினாலுன்னு தானே அக்கா சொன்னாரு!"

"ஏம்மா, உங்க பிறை பதினாலும் எங்க பௌர்ணமியும் ஒரே நிலாதானே? வானத்துல என்னா ரெண்டா தொங்குது?"

நான் மாமனாரைப் பார்த்தேன். மாமனார் கூரையைப் பார்த்தார். எழுபது வருஷமாகப் பிறையும் எண்ணுகிறார், எழுபது வருஷமாகப் பௌர்ணமிக் கூட்டத்தையும் திட்டுகிறார். இரண்டையும் ஒரு தடவைகூடச் சேர்த்துப் பார்த்ததில்லை. அவருக்கு அது வேறு நிலா, இது வேறு நிலா.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. சனிக்கிழமை லீவு கேட்டு கெஸ்ட் ஹவுஸ் முதலாளிக்கு வாட்ஸப்பில் எழுதியபோது அவர் மூன்று கேள்விக்குறி போட்டுப் பதில் அனுப்பியிருந்தார். அது அவர் வழக்கம் என்று நான் விட்டுவிட்டேன். ராமேஸ்வரத்திலிருந்து அன்றுதான் திரும்பியிருந்த சுஹைல் சோபாவில் சாய்ந்திருந்தார்.

"ஏங்க, நாளைக்குப் பௌர்ணமியாம்!"

"தெரியுமே. நெல்லூர்லேர்ந்து ஒரு பார்ட்டி கூப்டாங்க. வீட்டுல விசேஷம், வரமுடியாதுன்னுட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க எல்லாம் தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். வீட்டு விஷயத்துல நான் வாயத் தொறந்தா, வீட்டுலயே இல்லாதவருக்கு இன்னா தெரியும்னு நீதானே சொல்லுவ?"

சொல்லியிருக்கிறேன். அதனால் அந்தச் சண்டையை அங்கேயே விட்டுவிட்டேன்.

நாளை மாற்ற முடியாது. காலையிலேயே வந்துவிடுங்கள், மத்தியானத்துக்குள் ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்று வாணியம்பாடிக்குப் போன் போட்டுச் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா ஜுபேதா, "விடிஞ்சதும் கெளம்பிடறோம்மா" என்றார். விடிந்ததும் கிளம்பத்தான் செய்தார்கள். வழியில் ஒரு சித்தி வீட்டில் டீ குடிக்க இறங்கினார்கள். சித்தி டீயோடு விடவில்லை.

மத்தியானம் ஆனது. சுஹைல் அவர்களை அழைத்துவரச் சந்து சந்தாகப் புகுந்து ஊருக்கு வெளியே போயிருந்தார். பிரியாணி தம்மில் இருந்தது. ரூபீனா பச்சைப் பட்டுடுத்தி, இரண்டு கையிலும் மருதாணியோடு, தரையில் உட்கார்ந்து ஒரு குவஹாத்தி ஆஸ்பத்திரிக்காரனிடம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தாள். போனை அவள் காதில் நான் பிடித்திருந்தேன். அங்கே மிஷின் ஓடவில்லையாம். "பின்னாடி ஒரு சுவிட்சு இருக்குது, அதைப் போடச் சொல்லுங்க" என்று அவள் சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது. ஏனென்றால் அவசரத்தில் அதைத் தமிழில் என்னிடமே சொல்லிவிட்டாள். நான் எப்படி குவஹாத்திக்குச் சொல்லுவேன்?

வாசலில் மாமனார் பன்னீர்ச் செம்போடு நின்றார். சம்பந்திகள் வந்ததும் தெளிக்க வேண்டும் என்று காலையிலிருந்து அதே இடத்தில் நிற்கிறார். கண் சரியாகத் தெரியாது. கூட்டமாக யார் சந்துக்குள் திரும்பினாலும் தெளித்துவிடுவார். கழிவறை தேடி வந்த ஆந்திரக் குடும்பம் ஒன்று முகமெல்லாம் பன்னீரோடு கும்பிட்டுவிட்டுப் போனது.

என் போன் அடித்தது. சுஹைல்.

"மெஹரு, வந்துட்டாங்க. ஆனா வேனை ஜங்ஷன்லயே நிறுத்திட்டாங்க."

"சரி, எறங்கி நடந்து வாங்க. கிட்டதானே?"

"அதான் முடியல. கூட்டம் மொத்தம் நம்ம வீட்டுப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கமா வருது. எதிர்ல நடக்க விட மாட்டேன்றாங்க. ஒன்வே."

"ஒன்வேயா? நடக்கறதுக்கு இன்னாங்க ஒன்வே?"

"மெஹரு, நான் டிரைவரு. ஒன்வேல எதிர்ல போனதில்ல, போவவும் மாட்டேன். நீ கவலப்படாத. இப்படியே சுத்தி வந்துடறோம்."

"எதைச் சுத்தி?"

"மலையத்தான். இருபது நிமிஷம்."

"எதுல இருபது நிமிஷம்?"

"வண்டியில" என்றார்.

"வண்டி எங்க?"

"அதான் நிறுத்திட்டாங்கன்னு சொன்னேனே."

போனைத் தூக்கி அடிக்கலாம் போல வந்தது. பாதி ஆந்திராவை இந்த மலைக்குக் கொண்டுவந்து இறக்கிய மனுஷர் ஒரு நாள்கூட அதைக் கால்நடையாகச் சுற்றியதில்லை. ஊர், ரோடு எல்லாவற்றையும் வண்டி நேரத்தில்தான் அவருக்குக் கணக்குப் போடத் தெரியும். பிறையும் பதினாலு, கிலோமீட்டரும் பதினாலு. திரும்பி வரச் சொல்லிக் கத்தினேன். அதற்குள் கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

"கேட்டீங்களா?" என்றேன் கடைசியாக.

"இன்னும் இல்ல. மொதல்ல தட்டைப் பிடிச்சிகினு நிக்கறாங்க, பாவம்."

தட்டு என்றால் சீர்த்தட்டு. ஆப்பிள் ஒரு தட்டு, வாழைப்பழம் ஒரு தட்டு, ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு தட்டு, புடவை ஒரு தட்டு. அலங்காரம் செய்து, மேலே ஜரிகைத் துணி போட்டு, ஜுபேதாவும் அப்ரோஸும் தல்ஹாவும் கூட வந்த சொந்தக்காரர்களும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு, பளபளவென்று உடுத்திக்கொண்டு, கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த போன் தல்ஹாவிடமிருந்து ரூபீனாவுக்கு வந்தது. அவள் கையில் மருதாணி இருந்ததால் நான்தான் எடுத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. ஆப்பிள் தீந்துபோச்சு மாமி."

"தீந்துபோச்சா? எப்படி?"

"அன்னதானம்னு நெனச்சு எடுத்துக்கறாங்க மாமி. கண்ணுல ஒத்திக்கினு வேற எடுக்கறாங்க. எப்படி மாமி வேணான்னு சொல்றது? அம்மா இப்ப அவங்களே எடுத்துக் குடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. வாழைப்பழமும் போயிட்டிருக்குது."

"உங்க மாமா எங்க?"

"அவருதான் வரிசையா நிக்க வெச்சு பேடா குடுத்துக்கினு இருக்காரு."

பிள்ளை நல்ல பிள்ளை என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஆனால் நல்ல பிள்ளைகள் வீட்டில்தான் பெரிய சிக்கல். எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்கள், ஆனால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். எங்கள் வீடே அதற்குச் சாட்சி.

பாதி வழியில் ஆதி அண்ணாமலையிலிருந்து சுஹைல் கூப்பிட்டார். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"இன்னா சாப்டறீங்க?"

"புளியோதரை. சூடா குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி சுண்டல். மோர் வேற. சம்பந்திக்கு ரொம்பப் பிடிச்சிருக்குது, ரெண்டாவது தொன்னை வாங்கியிருக்காங்க."

"பிரியாணி இங்க தம்முல இருக்குதுங்க!"

"வந்து அதையும் சாப்டுவோம்."

"கேட்டீங்களா?"

"வாயில சோறு வெச்சிகினு எப்படிக் கேக்கறது?"

குபேர லிங்கம் பக்கத்தில் ஜுபேதாவின் செருப்பு அறுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கேட்டீர்களா? செருப்பு அறுந்தவளிடம் எப்படிக் கேட்பது? கொஞ்ச நேரத்தில், அப்ரோஸ் ரோட்டோரத் தடுப்புச் சவுக்குக் கட்டையில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்றார். கேட்டீர்களா? உட்கார்ந்தவரை எழுப்பிவிட்டுக் கேட்கிறேன். இந்த ஆளுக்குக் கேள்வி கேட்க நல்ல நேரம் வருவதற்குள் என் பெண்ணுக்குப் பென்ஷன் வந்துவிடும்.

சாயங்காலம் ஆகிவிட்டது. எனக்கு இருந்த எரிச்சலில் நானே அவர் நம்பரைப் போட்டேன். எடுத்ததும் பொரிந்து தள்ளிவிட்டேன்.

"ஏங்க, இன்னும் கேக்கலையா நீங்க? கல்யாணத்துக்கு அப்புறமும் எம் பொண்ணு வேலைக்குப் போவா! குவஹாத்திக்கும் போவா, எங்கயும் போவா! என்னை மாதிரி வூட்டுல உக்காந்து வாசலப் பாத்துகினு இருக்க மாட்டா! அதுக்கு சம்மதமா இல்லையான்னு அந்தம்மாவைக் கேக்க உங்களுக்கு வாய் இருக்குதா இல்லையா?"

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்.

"நான் ஜுபேதா பேசறேம்மா. உங்க வூட்டுக்காரரு ரெண்டு கையிலயும் தட்டைப் பிடிச்சிருக்காரு. அதான் போனை ஸ்பீக்கர்ல போட்டு நான் வெச்சிருக்கேன்."

"உங்க கேள்விக்கு..." என்று ஆரம்பித்தார் ஜுபேதா. அதோடு போன் அணைந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மத்தியானத்திலிருந்து அந்தப் போனில் சார்ஜ் தீர்கிற அளவுக்கு 'கேட்டீங்களா' என்று கேட்டவள் நான்தானே. தல்ஹாவின் போனும் எடுக்கவில்லை.

ரூபீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க இன்னாம்மா சொன்னாங்க?"

"உங்க கேள்விக்குன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் சார்ஜ் இல்ல."

அவள் கையை விரித்து மருதாணியைப் பார்த்தாள். நன்றாகச் சிவந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உட்கார வைத்து, குடிக்கக் கொடுத்து, மெதுவாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதை மீன் மார்க்கெட்டில் கத்துவது மாதிரி கத்திவிட்டேன். கால் நோக நடக்கிற ஒரு பொம்பளையிடம், அதுவும் செருப்பில்லாமல் நடக்கிறவளிடம். என் பெண்ணுக்கு நல்லது செய்யப் போய் அவள் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"விடும்மா" என்றாள் ரூபீனா. "கேட்டாச்சு இல்ல? அது போதும். வேணான்னு சொன்னாங்கன்னா திங்கக்கிழமை நான் பாட்டுக்கு ஃப்ளைட் ஏறிடறேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தல்ஹாவைப் பிடித்திருந்தது. எனக்குத் தெரியாதா?

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லி முடித்த நேரத்தில் சந்து முனையில் ஒரு கூட்டம் நொண்டிக்கொண்டு வந்தது. மாமனார் அதுவரை வந்தவர் போனவருக்கெல்லாம் தெளித்துத் தெளித்துப் பன்னீரைக் காலி செய்துவிட்டிருந்தார். சம்பந்திகள் வந்தபோது செம்பை ஆட்டினார், ஒன்றும் வரவில்லை. "கிரிவலக்காரங்களா? பாத்ரூம் அடுத்த தெரு" என்றார்.

"அத்தா, நாந்தான்" என்றார் சுஹைல்.

வந்து நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் காலிலும் தெம்பில்லை. அப்ரோஸ் அண்ணன் வெள்ளை ஷெர்வானியில் மோர்க் கறை. சொந்தக்காரர் ஒருவர் நெற்றியில் யாரோ வைத்துவிட்ட விபூதி. சீர்த்தட்டுகள் மட்டும் நிறைந்திருந்தன. ஜரிகைத் துணியை விலக்கினேன். ஆப்பிள் இருந்த தட்டில் புளியோதரைத் தொன்னைகள். பேடா இருந்த தட்டில் சுண்டல். போகிற வழியெல்லாம் கொடுத்தவர்கள் வருகிற வழியெல்லாம் வாங்கியும் இருக்கிறார்கள். புடவை மட்டும் பத்திரமாக வந்திருந்தது.

வெந்நீரில் கல் உப்பு போட்டு, இருந்த வாளி, அண்டா, பிரியாணிக்கு எடுத்து வைத்த பேசின் எல்லாவற்றிலும் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். சம்பந்திகள் வரிசையாக உட்கார்ந்து காலை விட்டார்கள். இப்படி ஒரு நிச்சயம் இந்தத் தெருவில் நடந்ததில்லை. நான் ஜுபேதாவை நிமிர்ந்து பார்க்காமல் தண்ணீர் ஊற்றினேன்.

அவர் என் கையைப் பிடித்தார்.

"மெஹரு, போன் ஆஃப் ஆயிடுச்சு. பதில் சொல்ல முடியல."

"மன்னிச்சிடுங்க அக்கா. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டது நல்லதாப் போச்சு. எனக்கும் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆவுது. இவரு கான்பூர்ல இருப்பாரு, நான் வாணியம்பாடில இருப்பேன். வூட்டுக்கு வந்தா சாப்டுவாரு, தூங்குவாரு, போவாரு. இன்னைக்குத்தான் இவரோட இவ்ளோ நேரம் நடந்து பேசியிருக்கேன். பாதி வழி சண்டை. ஆனாலும் பேசினோம்." அப்ரோஸ் அண்ணன் வாளிக்குள் இருந்த தன் காலை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். "வெளில காலு எடுத்து வெச்சாதாம்மா உலகம் தெரியுது. எனக்கு முட்டி வலிக்குது, ஆனா மனசு நல்லா இருக்குது. உம் பொண்ணு போவட்டும். எங்க வேணா போவட்டும். எம் பையனும் மஸ்கட்டுல இருக்கான், இவளும் பறந்துகினு இருக்கா, யாரு யாரை வூட்டுல கட்டிப் போடறது? மாசத்துல ஒரு தடவை, எந்த ஊர்லயாவது, ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா சரி. அது மட்டும் எனக்கு வேணும்."

நான் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவர் காலடியிலேயே உட்கார்ந்து அழுதேன். என் கண்ணீரும் அந்த பேசினில்தான் விழுந்தது.

"நான் கேக்கலாம்னுதான் இருந்தேன்" என்றார் சுஹைல் பக்கத்து வாளியிலிருந்து. "கடைசியா ஈசானிய லிங்கம் தாண்டினதும் கேக்கலாம்னு வெச்சிருந்தேன். அதுக்குள்ள இவ கேட்டுட்டா."

யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ரூபீனா வந்தாள். தல்ஹா எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், வாளியில் காலை வைத்தபடியே மோதிரம் போட்டான். அவள் விரலை நீட்டினாள். மாமனார் துஆ ஓதினார். பிரியாணியைக் கொண்டுவந்து வைத்ததும் எல்லோரும் அதை மரியாதையோடு பார்த்தார்கள். பிறகு அப்ரோஸ் அண்ணன், "வாசனை ரொம்ப நல்லாருக்குதும்மா" என்றார். ஒரு பிடிக்கு மேல் யாருக்கும் இறங்கவில்லை. வயிறு முழுக்கப் புளியோதரை. சம்பந்திகள் சாப்பிடாத பிரியாணியில் கைவைக்க மனசில்லாமல், கடைசியில் நாங்களும் உண்ணாமலை அக்கா வீட்டு முட்டைக்கோஸ் பொரியலும் தொன்னையில் வந்த சுண்டலும்தான் சாப்பிட்டோம். மறுநாள் தெரு முழுக்க எங்கள் பிரியாணிதான்.

எல்லோரும் காலைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனார்கள். மலைக்கு மேலே நிலா முழுசாக வந்து நின்றது. மாமனார் அதைக் காட்டி, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "பாருங்க, பதினாலாம் பிறை. நான் சொன்னா தப்புமா?" என்றார். அப்படியே, "கல்யாணத்துக்கும் நாளக் குறிச்சிடலாம். ஷவ்வால் பிறை..." என்று ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் நடக்க முடியாமல் கிடந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "வேணாம்!" என்று எழுந்து நின்றார்கள்.

கீழே வாளிகளை எடுக்க வந்தேன். சுஹைல் மட்டும் மறுபடியும் வெந்நீர் ஊற்றி அதில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மெஹரு, ஜுபேதாம்மா வழியில ஒண்ணு கேட்டாங்க."

"இன்னா?"

"உங்க வூட்டம்மா இந்த மலையச் சுத்தியிருக்காங்களான்னு. தெரியலன்னு சொன்னேன்." கொஞ்ச நேரம் தண்ணீரைக் கலக்கினார். "உலகத்துக்கே வழி காட்டறேன். அதுகூட எனக்குத் தெரியலயே மெஹரு."

"சுத்தல" என்றேன். "யாரு கூட்டிகினு போனாங்க?"

அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்ற என் காலும் கடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வாளியில் நானும் காலை விட்டேன். தண்ணீரில் இன்னும் சூடு இருந்தது.

"எங்க போவணும்?" என்று கேட்டார்.

வண்டியில் ஏறுகிறவர்களிடம் கேட்கிற அதே குரல். இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. வெட்கம் பார்க்காமல் நான் குவஹாத்தியிலிருந்து ஆரம்பித்தேன். தண்ணீர் ஆறிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.